முதலில் கட்டிலைப் பார்ப்பேன்

வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாகிவிட்டார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அழைப்பு வந்தால், ஆளை அனுப்புவதற்கு முன்னால் நான் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அதுதான் என் வேலை. போனதும் குடும்பத்தார் ஃபைலை நீட்டுவார்கள். ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைச் சீட்டு எல்லாம் அடுக்காக இருக்கும். அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் முதலில் பார்ப்பது கட்டிலை. தரையிலிருந்து எவ்வளவு உயரம், எத்தனை பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறது, மெத்தை எவ்வளவு அமுங்குகிறது. வரப்போகிற பெண்ணின் இடுப்பு ஆறு மாதத்தில் என்ன கதியாகும் என்பதை இந்த மூன்றை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

பெரும்பாலான வீடுகளில் இருப்பது தாழ்வான இரட்டைக் கட்டில். ஒரு பக்கம் சுவர். பக்கவாதம் வந்தவர் விழுந்துவிடக் கூடாதே என்ற பயத்தில் அவரைச் சுவர் ஓரமாகப் படுக்க வைத்திருப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அவருக்கு டயபர் மாற்ற வேண்டும் என்றால், பராமரிக்கிற பெண் ஒரு முட்டியை மெத்தையில் ஊன்றி, மறுகாலைத் தரையில் வைத்து, உடம்பை முறுக்கிக் குனிந்து, கையை முழு நீளத்துக்கு நீட்டி அவருடைய இடுப்பைத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மெத்தை அமுங்கும். ஊன்றிய முட்டி சறுக்கும். இழுக்கிற பாரம் முழுக்க முதுகின் அடிப்பகுதியில் போய் உட்காரும். படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஒரு நாளைக்கு 12 தடவை. அது போக டயபர், துடைத்துவிடுவது, விரிப்பு மாற்றுவது.

ஒரு மனிதக் காலின் எடை உடல் எடையில் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு. 70 கிலோ ஆளுக்கு ஒரு கால் மட்டும் 11 கிலோவுக்கு மேல். அமெரிக்காவின் தேசியப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் இருந்த தாமஸ் வாட்டர்ஸ், நோயாளிகளைக் கையால் தூக்குவதற்கு 16 கிலோவை மேல்வரம்பாக 2007இல் பரிந்துரைத்தார். அதுவும் எப்போது? நோயாளி ஒத்துழைக்கும்போது, பாரம் உடம்பை ஒட்டி இருக்கும்போது, முதுகு முறுகாமல் இருக்கும்போது. சுவரோரக் கட்டிலில் இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காது.

இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு பயிற்சி. முதுகை வளைக்காதே, முட்டியை மடக்கித் தூக்கு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். நானும் பயிற்சி கொடுக்கிறவள்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: தூக்கும் முறையைச் சொல்லிக் கொடுப்பதால் மட்டும் முதுகுவலி குறைவதில்லை. காக்ரேன் அமைப்பு இது தொடர்பான சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து 2011இல் வெளியிட்ட மதிப்பாய்வும் தூக்கும் முறை பற்றிய அறிவுரையும் பயிற்சியும் முதுகுவலியைத் தடுப்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடிகிறது. காரணம் ரொம்பச் சாதாரணம். தரையில் இருக்கிற பெட்டியைத் தூக்க முட்டியை மடக்கலாம். கட்டிலில் இருக்கிற ஆளை நோக்கிக் குனியும்போது முட்டியை எங்கே மடக்குவது? கட்டிலின் சட்டம் குறுக்கே நிற்கிறதே. ஆக, மாற்ற வேண்டியது பெண்ணை அல்ல, கட்டிலை.

அதிலும் ஒரு சிக்கல் உண்டு. புரட்டவும் துடைக்கவும் கட்டில் நம் இடுப்பு உயரத்துக்கு இருக்க வேண்டும். அதே ஆளை உட்கார வைத்து வீல்சேருக்கு மாற்ற வேண்டுமானால் அவருடைய பாதம் தரையில் முழுசாகப் படுகிற அளவுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். ஒரே கட்டிலுக்கு இரண்டு உயரம் தேவை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் வசதி இருப்பது இதற்குத்தான். அதில் வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: தலைமாடும் கால்மாடும் மட்டும் ஏறுகிற மலிவான கட்டில்கள் உண்டு. மொத்தப் பலகையும் ஏறி இறங்குகிறதா என்று கேட்டு வாங்க வேண்டும். முடியாத வீட்டில் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடச் சொல்வேன். விழுந்துவிடுவார் என்ற பயத்துக்குத் தடுப்புக் கம்பி மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மறதி நோய் உள்ளவர் அதன் மேல் ஏறிக் குதிக்கப் பார்ப்பார், கம்பி இடுக்கில் சிக்கியும் கொள்வார். அவருக்குக் கம்பி ஆகாது. கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துகிறேன் என்று யாராவது கிளம்பினால் அங்கேயே தடுத்துவிடுவேன்.

அப்புறம் ஸ்லைடு ஷீட். வழுவழுப்பான துணி, இரண்டு மடிப்பாக நோயாளியின் உடம்புக்கு அடியில் போவது. மடிப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், ஆளைத் தூக்காமலே தலைமாட்டுப் பக்கம் நகர்த்தலாம். இந்தத் தொழிலில் இவ்வளவு குறைந்த விலைக்கு இவ்வளவு பயன் தருகிற பொருள் வேறு இல்லை என்பது என் கருத்து. வேலை முடிந்ததும் உருவி எடுத்துவிட வேண்டும், மறந்தால் அவரே வழுக்கிக் கீழே வந்துவிடுவார்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே காட்சி. பராமரிப்பாளர் குனிந்து, "என் கழுத்தைப் பிடிச்சுக்கோங்க ஐயா" என்பார். ஐயா இரண்டு கையாலும் கழுத்தைக் கோத்துக்கொள்வார். பார்க்கப் பாசமாக இருக்கும். அவருக்குக் கால் மடங்கினால் மொத்த எடையும் அந்தப் பெண்ணின் கழுத்தெலும்பில் தொங்கும். பயந்துபோனவர் பிடியை விடவும் மாட்டார். சிலர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோள் ஏற்கெனவே தளர்ந்திருக்கும், அங்கே இழுத்தால் மூட்டு நழுவும். வீல்சேரை அவருடைய பலமுள்ள பக்கத்தில் கொஞ்சம் சாய்வாக நிறுத்த வேண்டும். பிரேக் போட்டு, பாதம் வைக்கும் தட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும், அந்தத் தட்டில் முழங்கால் இடித்துக்கொள்ளாத பராமரிப்பாளரை நான் இதுவரை பார்த்ததில்லை. இடுப்பில் கைப்பிடி வைத்த பெல்ட் கட்டி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை அவரை முன்னால் சாயச் சொல்ல வேண்டும். சாய்ந்தால் பின்பக்கம் தானாகவே எழும்பும். நாம் தூக்குவதில்லை, அவர் எழுவதற்குத் துணை நிற்கிறோம். எழவே முடியாதவர் என்றால் ஒற்றை ஆளால் ஆகாது. ஹாய்ஸ்ட், அதாவது ஆளைத் தூக்கி மாற்றும் கருவி வேண்டும், அல்லது இன்னொரு ஆள் வேண்டும்.

விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கக் கூடாது என்பதுதான் எல்லாருக்கும் ஏற்க முடியாத பாடம். கை தன்னால் போய்விடும். ஆனால் விழுகிற உடம்பைப் பிடித்து நிறுத்த முயன்றால் இரண்டு பேருக்கும் அடி. பின்னால் போய் நின்று, ஒரு காலை முன்வைத்து, நம் தொடை வழியாக அவரை மெதுவாகத் தரைக்கு இறக்கிவிட வேண்டும். தலையை மட்டும் காப்பாற்றினால் போதும். இதைக் குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பேன். இல்லாவிட்டால், "பக்கத்துல நின்னுக்கிட்டே கீழ விட்டுட்டா" என்று பேச்சு வரும்.

கட்டிலை மாற்றச் சொல்லும்போது முகம் சுளிக்காத வீடு குறைவு. "வீடு ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும்" என்பார்கள். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்தக் கட்டிலில் அவர்கள் வாழ்க்கையே நடந்திருக்கும். படுத்திருப்பவருக்கும் அது தன் அறை, தன் வீடு. அதில் ஒவ்வொன்றாகப் பறிபோகிறது என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கும். தொழிற்சாலையில் ஒரு இயந்திரத்தை நகர்த்தச் சொல்வது மாதிரி இங்கே சொல்லிவிட முடியாது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒருவருக்கு வீடாக இருக்கிற அறைதான் இன்னொருவருக்கு வேலைக்களம்.

இதைச் சட்டங்களே ரொம்ப காலம் ஏற்றுக்கொள்ளவில்லை. பிரிட்டனில் 1974இல் வந்த பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு, தனி வீட்டில் வேலை செய்யும் வீட்டுப் பணியாளரை வெளியே நிறுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1989 பணியிடப் பாதுகாப்பு நெறிமுறை, தொழிலாளி யார் என்று வரையறுக்கும் அதே வரியில் வீட்டுப் பணியாளர் நீங்கலாக என்று சொல்லிவிடுகிறது. நிறுவனம் மூலமாகப் போகிறவருக்கு அந்த நிறுவனம் முதலாளி, அதனிடம் கேட்கலாம். நேரடியாக வீட்டுக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்த பெண், அதே வேலையை அதே கட்டிலில் செய்தாலும், பல நாடுகளில் கேட்க நாதியில்லாமல் நிற்கிறார். உலகத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறி 2013 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு வீட்டுப் பணியாளருக்கும் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழல் உரிமை என்கிறது அதன் 13ஆம் பிரிவு. 17ஆம் பிரிவு ஆய்வாளர் வீட்டுக்குள் வருவதைப் பற்றிப் பேசுகிறது, குடும்பத்தின் அந்தரங்கத்துக்கு உரிய மரியாதையோடு. அந்த இடத்தில்தான் எல்லாம் தடுமாறுகிறது. வாசற்படியைத் தாண்டி ஆய்வாளர் வருவது எங்கேயும் அபூர்வம். உலகத்தில் 7 கோடியே 56 லட்சம் வீட்டுப் பணியாளர்கள் இருப்பதாக அந்த அமைப்பே மதிப்பிட்டிருக்கிறது, அவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். இத்தனை வாசற்படிகளில் யார் ஏறி இறங்குவது? அதனால் முதல் நாள் போகிற என்னைப் போன்றவர்கள் கேட்பதுதான் பல இடங்களில் ஒரே ஆய்வு.

கட்டிலுக்கு அடுத்து நான் பார்ப்பது குப்பைக்கூடை. சர்க்கரை நோய் உள்ள வீட்டில் இன்சுலின் ஊசி எங்கே போகிறது என்று கேட்பேன். "மூடி போட்டு குப்பையில போட்டுடுவோம்" என்பார்கள். அந்த மூடி போடுகிற நொடியில்தான் விரலில் குத்துகிறது. மூடி கழன்றால், பையைத் தூக்கிக்கொண்டு போகிறவரின் தொடையில் குத்தும். பயன்படுத்திய ஊசிக்குத் திரும்ப மூடி போடவே கூடாது. கெட்டியான பிளாஸ்டிக்கில், திருகு மூடி உள்ள டிடர்ஜென்ட் டப்பா போதும். ஊசி என்று எழுதி ஒட்டி, முக்கால்வாசி நிறைந்ததும் இறுக மூடி, மருத்துவக் கழிவு எடுக்கிறவர்களிடம் சேர்த்துவிட வேண்டும். தண்ணீர் பாட்டில் ஆகாது, ஊசி துளைத்துக்கொண்டு வந்துவிடும்.

குத்திவிட்டால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கி ரத்தம் எடுக்கக் கூடாது. அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும், வேலை முடிந்து போகலாம் என்று நினைக்கக் கூடாது. எச்ஐவிக்கான தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. பலரும் பயப்படுவது எச்ஐவிக்குத்தான். அந்தத் தொற்று உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் 3. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி உள்ளவரின் ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் தொற்றும் வாய்ப்பு நூற்றில் 6இலிருந்து 30 வரை. அந்த வைரஸ் காய்ந்த ரத்தத் துளியில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். தடுப்பூசி 1980களிலிருந்து இருக்கிறது, வழக்கமாக ஆறு மாதத்துக்குள் மூன்று தவணை, அவ்வளவுதான். அதைப் போட்டுக்கொள்ளாமல் பல வருஷமாக இந்த வேலையில் இருப்பவர்களை இன்றும் சந்திக்கிறேன். யாரும் சொல்லவில்லை, யாரும் செலவு செய்யவில்லை.

நோயின் பெயரைச் சொல்லக் குடும்பங்கள் கூசும். சொன்னால் ஆள் ஓடிவிடுவாரோ என்ற பயம் ஒரு பக்கம், மானப் பிரச்சினை மறுபக்கம். ரத்தத்தில் பரவுகிற நோய்களைப் பொறுத்தவரை பெயர் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. எல்லாருடைய ரத்தத்தையும் தொற்று உள்ளதாகவே வைத்துக்கொண்டு கிளவுஸ் போட்டு வேலை செய்யுங்கள் என்ற வழிமுறை 1980களிலேயே வந்துவிட்டது. யாரையும் சந்தேகப்படாமல் எல்லாரிடமும் ஒரே மாதிரி நடந்துகொள்வது, இந்தத் துறையின் நாகரிகமான கண்டுபிடிப்புகளில் ஒன்று. ஆனால் காற்றில் பரவும் காசநோயை மறைக்கக் கூடாது. கீமோதெரபி எடுத்தவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருந்து கொடுத்து 48 மணி நேரம்வரை சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் அது வெளியேறும். வெறும் கையால் அதைத் துடைக்கிற பெண் கர்ப்பமாக இருந்தால்?

சுத்தம் செய்கிற திரவங்கள் பற்றி ஒன்றே ஒன்று. பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அம்மோனியா சேர்ந்தால் குளோரமைன் வரும். கதவை மூடிக்கொண்டு சின்னக் கழிவறையைத் தேய்க்கிறவருக்கு இரண்டுமே ஆபத்து. சிறுநீரிலும் அம்மோனியா உண்டு, அதனால் அது சிந்திய இடத்தை முதலில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அப்புறம்தான் பிளீச். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் தீக்குச்சியே கூடாது, போர்வையும் துணியும் ஆக்சிஜனை ஊறவைத்துக்கொண்டு சட்டென்று பற்றும். இதைப் புகை பிடிக்கிற மகனிடம் நேராகவே சொல்லிவிடுவேன்.

கேட்கத் தயங்குகிற கேள்வி ஒன்று இருக்கிறது, அதை நான் தயங்காமல் கேட்பேன். "கை ஓங்குவாரா?" குடும்பத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு யாராவது, "கோபம் வந்தா மட்டும்" என்பார்கள். மறதி நோய் உள்ளவர் அடிப்பது பெரும்பாலும் பயத்தில். முன்பின் தெரியாத ஒருத்தி வந்து சட்டையைக் கழற்றினால் யாருக்குத்தான் பயம் வராது? குளிப்பாட்டும் நேரமும் சாயங்காலமும்தான் அதிகம் நடக்கும். எதிரே வந்து நின்று, கண்ணுக்கு நேராகப் பேசி, என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத் தொட்டால் பாதி குறையும். வாசலுக்கும் தனக்கும் நடுவில் அவரை நிற்கவிடக் கூடாது. கழுத்துச் சங்கிலி, தொங்குகிற காதணி, அவிழ்ந்த முடி வேண்டாம். முறுக்கேறினால் குளியலை விட்டுவிட வேண்டும், ஒரு நாள் குளிக்காவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது.

இதெல்லாம் தெரிந்தும் அடி விழும். அப்போது வீட்டில் சொல்வது, "தெரியாம பண்ணிட்டார், பெரிசா எடுத்துக்காதம்மா." அவர் தெரியாமல்தான் செய்தார், சரி. ஆனால் வலி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துதானே வலிக்கிறது. எந்த நேரத்தில், எதைச் செய்யும்போது அடித்தார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒரு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியும், டாக்டரிடம் காட்டலாம், மருந்து மாற்றலாம். வலியால் அடிக்கிறார், சிறுநீர்த் தொற்றால் குழம்பியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வெளியே வந்திருக்கிறது. நினைவு தெளிவாக இருக்கிற ஆள் கையைத் தப்பாக வைத்தால் அது வேறு விஷயம், அதற்கு நோட்டு கிடையாது. அன்றைக்கே அந்தப் பெண்ணை வெளியே கூட்டி வந்துவிடுவேன், சம்பளத்தில் பிடித்தம் இல்லாமல். வேலையிடத்து வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான உலகத் தொழிலாளர் அமைப்பின் 190ஆம் உடன்படிக்கை 2019இல் வந்தது. அது வீட்டு வேலைக்கும் பொருந்தும். குடும்பத்திடம் பேசும்போது அந்த எண்ணைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

தங்கி வேலை செய்கிறவர்களின் தூக்கத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "ராத்திரி ரெண்டு மூணு தடவைதான் கூப்பிடுவார், மத்த நேரம் தூங்கலாம்." சரி, எங்கே தூங்குவது? அவருடைய கட்டிலுக்குக் கீழே பாய், ஒரு காது திறந்தபடி. டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள்: 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம். அந்த நிலையில் காலையில் இன்சுலின் அளவு பார்த்து ஊசி போடுவது அவர்தான். 189ஆம் உடன்படிக்கை வாரத்துக்குத் தொடர்ச்சியாகக் குறைந்தது 24 மணி நேரம் ஓய்வு கேட்கிறது. தொடர்ச்சியாக என்பதை அழுத்தி வாசித்துக் காட்டுவேன். மதியம் இரண்டு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று துண்டு துண்டாகக் கூட்டிக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த விடுமுறை நாளில் நோயாளியைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால், அநேகமாக மகளோ மருமகளோ மனைவியோ. அவர்களும் அதே கட்டிலில் முட்டி ஊன்றித்தான் இழுக்கிறார்கள், அவர்களுக்குச் சட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. அதனால் முதல் நாள் பெல்ட் கட்டிக் காட்டும்போதும் ஸ்லைடு ஷீட் போட்டுக் காட்டும்போதும் விடுமுறை நாள் ஆளையும் கூட நிற்கச் சொல்கிறேன். ஆரம்பத்தில் கைகட்டி ஓரமாக நிற்பார்கள். பத்து நிமிஷத்தில் பராமரிப்பாளரைவிட அதிகமாகக் கேள்வி கேட்பது அவர்கள்தான். போன வாரம் ஒரு வீட்டில் மனைவியே பெல்ட்டை வாங்கி என் இடுப்பில் கட்டி, என்னைக் கட்டிலிலிருந்து எழுப்பிப் பார்த்தார். இரண்டாவது முறை சரியாக வந்தது. இது ஏன் டிஸ்சார்ஜ் ஆகும்போதே யாரும் சொல்லித் தரவில்லை என்று கேட்டார். அவரிடம் சொல்ல என்னிடம் பதில் இல்லை. மூன்றாவது முறையும் கட்டிப் பார்க்கச் சொன்னேன்.